வெறுமனே விட்ட சதுரம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் முழங்கால் வலி எப்படி, அத்தானின் ரத்த அழுத்தம் எப்படி என்று முதலில் கேட்பதுதான் முறை. கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். வழக்கம்போல உன் மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். போன் வேண்டாம். போன தடவை நாம் பேசி முடித்தபோது என் போன் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கிடந்தது.

விஷயம் உன் மகளைப் பற்றியது. என்னை நிரந்தரம் ஆக்காமலே நரைக்கவைத்து அனுப்பிய கல்லூரியை விட்டபின், இணையத்தில் உயிரியல் சொல்லித்தரும் ஒரு தளத்துக்கு மரபியல் பாடம் எழுதிப் பிழைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். செல் பிரிவதைக் காட்டும் நகரும் படங்கள், பழ ஈக்களைத் திரையிலேயே இணைத்துப் பார்க்கும் விளையாட்டு, பயிற்சிகள், எல்லாம் இலவசம். நடத்துபவன் என்னிடம் படித்து, என் தாளிலேயே இரண்டு தடவை தோற்றவன். பாடங்களின் கீழே அவன் பெயர் இருக்கும். என் பெயர் இருக்காது. அந்தக் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே சந்தேகப் பெட்டி என்று ஒன்று உண்டு. மரபியல் கேள்விகள் என் வரிசையில் வந்து நிற்கும். நேற்று ஒன்று வந்தது. கேட்டவள் பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கிறவள். ஆய்வகப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப்போகிறவள். கல்யாணம் நிச்சயமானவள். தாத்தா கடிகாரம் பழுது பார்த்தவராம். இதற்கு மேல் பெயர் வேறு வேண்டுமா?

அவள் எழுதியது இது: "பாடத்துல சொன்ன மாதிரி எங்க குடும்ப மரத்தை வரைஞ்சு பார்த்தேன் சார். தாத்தா மாரடைப்புல போனதா அம்மா சொல்றாங்க. ஆனா பழைய கல்யாண வீடியோ ஒண்ணுல அவர் மடியில துண்டு போட்டு உட்கார்ந்திருக்கார். கால் ரெண்டும் ஆடிக்கிட்டே இருக்கு. மாரடைப்புக்குக் கால் ஆடுமா? இது எனக்கும் வருமா?"

அந்தத் துண்டு சும்மா மடியில் கிடக்கவில்லை அக்கா. அதைக்கொண்டு அப்பாவின் மணிக்கட்டுகளை நாற்காலியோடு நான் கட்டியிருந்தேன். உன் மாமியார் வீட்டார் முன்னால் அவர் கை ஆடக் கூடாது என்று நீ சொன்னதற்காக.

கல்யாணத்துக்கு முன் நீயே அவளிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் பதில் எழுதுவேன்.

உன் தம்பி

---

ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாடிப்படியில் விழுந்தாயாமே, உன் பக்கத்து வீட்டுத் தையல்காரி போனில் சொன்னாள். எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? தலையில் அடி ஒன்றும் இல்லையே?

உன் கடிதத்தைக் கடையின் பின்அறையில், கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கும் இயந்திரம் ஓடும்போது படித்தேன். சத்தம் இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

குட்டியின் கேள்விக்கு 'மருத்துவரைப் பாருங்கள்' என்று ஒரே வரி போட்டுவிடேன். சொந்த வியாதி பற்றிக் கேட்டால் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது உங்கள் தளத்தின் விதி என்று முன்பு நீயே சொல்லியிருக்கிறாய். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. உன் எழுத்து முன்போல இல்லை, வரி தாண்டி ஓடுகிறது. இனிமேல் கணினியில் அடித்தே அனுப்பேன். எனக்கும் படிக்கச் சுலபம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். விழுந்தது படியின் கோளாறு. எழுத்து ஓடுவது பேனாவின் கோளாறு. தையல்காரிக்குத் தைக்கத் துணி இல்லை போலிருக்கிறது, என் கதையைத் தைக்கிறாள்.

ஒரே வரி போடச் சொல்கிறாய். அப்பாவுக்கும் எல்லாரும் ஒரே வரிதான் போட்டார்கள். 'குடிகாரர்.' வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். பிறகு தெருவே அவருக்கு 'ஆட்டக்காரர்' என்று பட்டம் கட்டியது. திருகு கையை விட்டுத் தெறித்துக் கடைக்குள் எங்கோ விழும், அவர் நான்கு காலில் தவழ்ந்து தேடுவார், கடிகாரம் கொடுத்தவன் நின்று சிரிப்பான். நீ இதைப் பார்த்ததில்லை. நீ வந்ததெல்லாம் நல்ல நாளில், பழப்பையோடு.

பத்து வருஷத்துக்கு மேல் ஊட்டிவிட்டவன் நான். அந்த விடுப்புகளைக் கணக்குக் காட்டித்தான் கல்லூரியில் என்னை ஒதுக்கினார்கள். எனக்குப் பேசிய பெண்ணை அழைத்துக்கொண்டு அவள் அண்ணன் வந்த அன்று, அப்பா தண்ணீர்ச் சொம்பை அவன் மேலேயே எறிந்தார். அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "நல்ல குடும்பம்தாங்க, வேற ஒண்ணுமில்ல, ஜாதகம்தான் சரியில்ல" என்றான். ஜாதகத்தை அவன் வாங்கவே இல்லை.

வியாதிக்குப் பெயர் உண்டு. ஹண்டிங்டன். ஒரு மரபணுவில் மூன்று எழுத்து ஒரே பல்லவியாக அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான் குற்றம். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. நடு வயதில் தொடங்கும். உனக்கு வந்தால் குட்டிக்கும் பாதிக்குப் பாதி. இதை என் பாடத்தின் நாலாவது பயிற்சியில் படமாகவே போட்டிருக்கிறேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு. உதாரணத்துக்கு யாரோ ஒரு குடும்பத்தைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. நம் குடும்பத்தையே வரைந்தேன்.

அவளைக் கட்டப்போகிறவன் யாரோ எவனோ. அவனுக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? எப்போது சொல்லப்போகிறாய்?

தம்பி

---

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நடுவில் நீ போட்ட மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் மாதம் கல்யாணம். சிறிய மண்டபம், வேண்டியவர்கள் மட்டும். பையன் தபால் அலுவலகத்தில் வேலை, அதிகம் பேச மாட்டான், குட்டி அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கேள்வியை எடுத்துவிடு. அவள் தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். அவளுக்கு அந்த வியாதி வராது. நான் சொல்கிறேன், நம்பு. இதற்கு மேல் கேட்காதே.

நீ தனியாகவா சமைக்கிறாய்? அடுப்பில் எண்ணெய் வைக்கும்போது கவனம்.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 25

அக்கா,

எல்லாரும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் வீட்டில் மூன்று தலைமுறை ஓட்டிவிட்டார்கள்.

'வராது, நான் சொல்கிறேன்.' எந்தக் கடையில் வாங்கினாய் இந்த உறுதியை? சாமி வந்து சொன்னதா? அம்மாவும் இப்படித்தான். அப்பா கோப்பையை உடைத்தால் 'கண்ணு பட்டுடுச்சு' என்பாள். கண்ணும் படவில்லை, காதும் படவில்லை. மூளை செத்துக்கொண்டிருந்தது.

ஒரு செய்தி சொல்கிறேன். ஆறு வருஷச் சண்டைக்குப் பிறகு என் முதலாளி இறங்கி வந்திருக்கிறான். இனிமேல் சந்தேகப் பெட்டியில் நான் எழுதும் ஒவ்வொரு பதிலின் கீழும் என் பெயரும் பட்டமும் தானாகவே வரும். "சார், இப்ப திருப்தியா?" என்று கேட்டான். "நீ ரெண்டாவது தடவை தோத்தப்ப எனக்கு இருந்த திருப்தி இல்ல" என்றேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே கேள். மொட்டைக் கடிதம் போடுகிற ஜாதி நான் இல்லை. ஏப்ரல் முடியட்டும். நீ சொல்லாவிட்டால், பெயரும் பட்டமும் போட்டு, அவளுடைய மாமாவாகவே பதில் எழுதுவேன். படிப்பவர் எல்லாரும் படிக்கட்டும். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

தம்பி

---

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் நலத்தை நினைக்காத நாள் இல்லை. இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தானுக்குத் தெரிந்தே எழுதுகிறேன்.

அம்மா போன அடுத்த வருஷம் நான் பரிசோதனை செய்துகொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில், அத்தான் கூட வந்தார். எனக்கு இல்லை. அந்தப் பெண் டாக்டர் தாளை என் பக்கம் திருப்பி, "உங்களுக்கு இல்லம்மா, உங்க பொண்ணுக்கும் வராது, இது உங்களோட நின்னுபோச்சு" என்றாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் மீதிக் கணக்கை நீ போட்டுக்கொள்வாய் என்று பயந்தேன். நாம் இரண்டு பேர். பாதிக்குப் பாதி. எனக்கு இல்லையென்றால்?

அம்மாவின் வருஷ நினைவுக்கு நாம் எல்லாரும் கூடிய அன்று உன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அடியில் உன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நீ பாட்டுக்கு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய். காலை நீ கவனிக்கவே இல்லை. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கை ஆடுவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. நீ அப்போது விடுதியில் இருந்தாய், நான் வீட்டில் இருந்தேன். சாதுவான மனுஷர், ஒரு வாடிக்கையாளர் மேல் திருப்புளியை வீசினார். யார் யார் தனக்கு என்ன செய்தார்கள் என்று காலையிலிருந்து ஒரே பல்லவி. உன் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு அவர் குரல் கேட்கிறது. அதனால்தான் பதில் எழுத முடியவில்லை. வேறொன்றுமில்லை.

வந்து எங்களோடு இரு.

அக்கா

---

மே 20

அக்காவுக்கு,

நலம். கணினியில் அடித்து அனுப்பச் சொன்னாய், அடித்திருக்கிறேன்.

முதலில் பாடம். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. உனக்குத் தலை விழுந்தது என்பதற்காக எனக்குப் பூ விழ வேண்டும் என்று சட்டமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகச் சுண்டுகிறார்கள். நீ உன் பங்கை என் தலையில் கட்டவும் இல்லை, நான் உன் பங்கை வாங்கிக்கொள்ளவும் இல்லை. என் பாடத்தைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் செய்யும் தவறு இது. நீ அதைச் செய்து இத்தனை வருஷம் அழுதிருக்கிறாய்.

அடுத்தது என் கோபம். அதை வியாதியின் கணக்கில் எழுதுகிறாய். கல்லூரி என்னை ஏமாற்றியது வியாதியா? என் பாடத்தில் இன்னொருவன் பெயர் வந்தது வியாதியா? வாங்காத ஜாதகம் வியாதியா? நீ பழப்பையோடு வந்து பழப்பையோடு போனது வியாதியா? எனக்கென்று வீடு இல்லை, பிள்ளை இல்லை, பெயர் இல்லை. இந்தக் கோபம் ஒன்றுதான் நானாகச் சம்பாதித்தது. அதையும் அப்பா கொடுத்தது என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாய்.

என் கோபம் என்னுடையது.

உனக்கு இல்லை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். இதை எழுத இத்தனை வாரம் ஆகியிருக்கிறது. அது உண்மைதான், நம்பு.

குட்டிக்கு வராது என்றால் அவள் கேள்விக்கு அவசரம் போய்விட்டது. பெட்டியில் கிடக்கட்டும். நான் பதில் எழுதப்போவதில்லை.

தம்பி

---

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

குட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாத்தா, துண்டு, என் பரிசோதனை, எல்லாம். மாப்பிள்ளைக்கு அவளே போய்ச் சொன்னாள். அவன், "அப்ப உன் கோபமெல்லாம் உன்னோட சொந்தக் கோபம்தானா, வியாதி இல்லையா? அதுதான் பயமா இருக்கு" என்றானாம். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் குட்டி சிரிக்கவில்லை. "அம்மா, நான் கேட்டது எனக்காக இல்ல" என்றாள். கேள்வி முழுவதையும் எடுத்துக் காட்டினாள். நீ எனக்குப் பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். மீதியை நீ படித்தவன்தான் என்றாலும் இங்கே எழுதுகிறேன்:

"இன்னொரு சந்தேகம் சார். நாலாவது பயிற்சிப் படம் எங்க குடும்பம் மாதிரியே இருக்கு. அதுல மகளுக்குக் கேள்விக்குறி போட்டிருக்கீங்க, பேத்திக்கும் போட்டிருக்கீங்க. மகனோட சதுரத்தை மட்டும் வெறுமனே விட்டுட்டீங்க. அச்சுப்பிழையா? எனக்கு ஒரு மாமா இருக்கார். பெரிய படிப்பு. யாரோடயும் ஒத்துப்போக மாட்டார். போன தடவை வந்தப்ப டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சார். அவர்கிட்ட சொல்லணுமா? சொன்னா கத்துவார்னு பயமா இருக்கு. அவருக்கு எங்களை விட்டா யாரு சொல்லுவாங்க?"

பதில் எழுதுகிறவர் நீதான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் இன்னும் தினமும் திறந்து பார்க்கிறாள்.

பதினெட்டாம் தேதி கல்யாணம். வா. கை ஆடினாலும் வா. யாரும் உன்னைக் கட்ட மாட்டார்கள்.

அக்கா

---

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் நன்றாக நடந்ததாகத் தையல்காரி சொன்னாள். நான் வராததற்குக் காரணம் சொல்லப்போவதில்லை. அன்று பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். வேண்டுமென்றே அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினேன். அங்கே கல்யாணமும் இங்கே இதுவும் ஒரே நாளில் முடியட்டும் என்று.

டாக்டர் சின்னப் பெண். விரல்களைத் தட்டச் சொன்னாள், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னாள். பிறகு, "நாக்கை நீட்டி அப்படியே வெச்சிருங்க சார்" என்றாள். நீட்டினேன். அது தானாகவே உள்ளே போய்விட்டது. மறுபடி நீட்டினேன். மறுபடி உள்ளே போய்விட்டது. நாக்கை வைத்துப் பிழைத்தவன், ஊரில் ஒருவரையும் விடாமல் அறுத்தவன், இனி வாயை மூட மாட்டேன் என்று ஜனவரியில் உனக்குச் சூளுரைத்தவன், நாக்கைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுதிக்கொண்டாள். ரத்தமும் எடுத்தார்கள். முடிவு நேற்று வந்தது.

பூதான்.

அந்தச் சதுரத்தை நான் மறந்துபோய் வெறுமனே விடவில்லை அக்கா. வரைந்த அன்று உன் வட்டத்துக்குக் கேள்விக்குறி போட்டேன், குட்டிக்குப் போட்டேன், அடுத்ததற்கு வந்ததும் தேநீர் போட எழுந்தேன். திரும்பி வந்து படத்தை வெளியிட்டேன். எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். ஒருத்திதான் கேட்டாள்.

இப்போது படத்தைத் திருத்திவிட்டேன். உன் வட்டத்திலும் அவள் வட்டத்திலும் இருந்த கேள்விக்குறிகளை எடுத்துவிட்டேன். சதுரத்தைக் கறுப்பாக்கினேன். சுட்டியை அதன் மேல் நிறுத்தி அழுத்த நெடுநேரம் ஆயிற்று.

பதிலும் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் உனக்கு:

"முதல் கேள்விக்கு: மாரடைப்புக்குக் கால் ஆடாது. உங்கள் தாத்தாவுக்கு இருந்தது ஹண்டிங்டன் நோயாக இருக்கலாம். இது தலைமுறை தாண்டிக் குதிக்காது. உங்கள் அம்மாவுக்கு இல்லையென்று பரிசோதனையில் தெரிந்தால் உங்களுக்கும் இல்லை. நிம்மதியாகத் தேர்வுக்குப் படியுங்கள்.

"இரண்டாவது கேள்விக்கு: அது அச்சுப்பிழை அல்ல. எழுதியவரின் பிழை. திருத்தப்பட்டது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

"உங்கள் மாமாவிடம் சொல்லத் தேவையில்லை. அவருக்குத் தெரியும். கத்துவார் என்று பயந்து அவரைப் பார்க்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கத்துவார். அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு நோயுடையது என்று பிரித்துச் சொல்ல இந்தத் தளத்தில் பாடம் இல்லை. அவராலும் முடியாது. கனமான டம்ளரில் பாதி அளவு தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். சிந்தினால் பார்க்காததுபோல் இருக்க வேண்டாம், துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்."

தளத்தின் விதிப்படி 'மருத்துவரை அணுகவும்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

பதிலைப் பெட்டியில் அடித்து முடித்ததும் அதன் கீழே என் பெயரும் பட்டமும் தானாகவே வந்து நின்றன. ஆறு வருஷம் சண்டை போட்டு வாங்கியது. முழுப் பெயர், பெரிய எழுத்தில். மார்ச்சுக்குப் பிறகு வேறு பதில் எதுவும் எழுதாததால் இப்போதுதான் முதல் தடவையாக அதைத் திரையில் பார்க்கிறேன். அழகாகத்தான் இருந்தது.

அவள் அதைப் பார்த்தால் பதிலைப் படிக்க மாட்டாள். என்னைத்தான் படிப்பாள்.

பெயரை அழித்துவிட்டேன். மொட்டைக் கடிதம் போடுகிற ஜாதி நான் இல்லை என்று உனக்கு எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். பெயர் நின்ற இடம் வெறுமனே இருக்கிறது. அப்படியே அனுப்பப்போகிறேன்.